மா பொங்குகிற சூடு

ஒக்டோபர் 2, வியாழன்

புகைக்கூண்டு பார்க்கிறவர் வந்தார். நகரசபை ஆள். வருடா வருடம் வருகிறவர்தான். கூண்டுக்குள் தூரிகையை விட்டு நாலு இழுப்பு இழுத்து, ஒரு கோப்பி குடித்துவிட்டுப் போவார். இந்த முறை கோப்பிக்கு நிற்கவில்லை. நிலவறையில் பொயிலருக்கு முன்னால் குந்தி, டோர்ச்சை அதன் வாய்க்குள் பிடித்து நெடுநேரம் பார்த்தார். அடித்தகடு துருப்பிடித்து மெலிந்துவிட்டது, தண்ணீர் கசிகிறது, இந்த மாதத்துக்குள் மாற்றிவிடுங்கள் என்றார்.

இந்த வீட்டை வாங்கும்போதே அதுவும் வீட்டோடு வந்தது. பெரிய இரும்புச் சாமான், இரண்டு வாய். ஒன்றுக்கு விறகு, மற்றதுக்கு எண்ணெய். நோர்வேயில் எண்ணெயால் வீடு சூடாக்கக்கூடாது என்று சட்டம் வந்ததிலிருந்து ஒரு வாயை அடைத்துவிட்டு விறகிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

பவளம் குசினியில் உழுந்தில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“மாத்தத்தான் வேணுமோ?”

“தண்ணி ஒழுகுது. வேற என்ன செய்யிறது?”

“அப்ப மா எங்க பொங்கிறது?”

வீடு குளிரப்போகிறதே என்று ஒரு வார்த்தை இல்லை. ஓலசுண்டில் ஒக்டோபர் பிறந்துவிட்டால் தோசை மா வெளியில் வைத்துப் பொங்காது. பவளம் வெள்ளிக்கிழமை பின்னேரம் அரைத்து, பெரிய சருவத்தில் ஊற்றிப் பொயிலருக்குப் பக்கத்தில் பலகை போட்டு வைப்பாள். விடியச் சருவம் நிரம்பி மூடியைத் தள்ளும். இந்த ஊர்த் தமிழ்ச் சனத்தில் பாதிப்பேர் சனிக்கிழமை காலமை அதை வாங்கிப்போக வருவார்கள். காராஜுக்குப் பக்கத்தில் நிலவறைக்குத் தனிக்கதவு உண்டு, அதால் வந்து அதாலேயே போவார்கள்.


ஒக்டோபர் 4, சனி

காலமை ஒன்பதுக்குத் தமிழ்ப்பள்ளிக்கூடம். நாலாம் ஆண்டு எனக்கு. ‘என் வீடு’ என்று பத்து வசனம் எழுதச் சொன்னேன். ஒரு பெட்டை ஒன்பது வசனத்தில் தன் பூனையைப் பற்றி எழுதிவிட்டுப் பத்தாவதாக ‘இது எங்கள் வீடு’ என்று முடித்திருந்தாள். முழுப் புள்ளி கொடுத்தேன்.

ஒரு மணிக்கு வீடு வந்தேன். தேத்தண்ணீர்க் கோப்பை மூன்று கழுவிக் கவிழ்த்திருந்தது, பக்கத்தில் பிளாஸ்ரிக் கோப்பை ஒன்று, சின்னது. மா வாங்க வருகிறவர்களுக்குப் பவளம் கீழேயே தேத்தண்ணீர் கொடுப்பாள்.

நேற்று இரவு வழக்கத்தைவிட இரண்டு கட்டை கூடப் போட்டு மூட்டினேன். மாவுக்காக. அதோடு, குழந்தைப்பிள்ளைகளோடும் ஆட்கள் வருவார்கள், கீழே சீமெந்துத் தரை.

ஒரு விஷயத்தை எழுதிவைக்கிறேன், எழுதாமல் விட்டால் ஏதோ மறைக்கிறேன் என்றாகும். மகள் மதுரிகாவோடு நான் கதைப்பதில்லை. மூன்று வருடம் முடிந்துவிட்டது. சுரங்கப்பாதைக்கு அங்கால்தான் இருக்கிறாள், காரில் கால் மணித்தியாலம். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. பெடியனைப் பற்றிப் பிறந்த ஊரில் விசாரித்தபோது அவர்கள் கடற்கரைப் பக்கத்து, மீன்பிடிக்கிற ஆட்கள் என்று தெரியவந்தது. நாங்கள் தோட்டஞ் செய்த ஆட்கள். என்ர கண்ணில முழிக்காதை என்று சொல்லிவிட்டேன், அவளும் முழிக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் என்னைப்போலத்தான். இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.


ஒக்டோபர் 8, புதன்

போன ஜனவரியில் எனக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்தது. பங்குனி வரைக்கும் மேல்மாடியில் கிடந்தேன். அந்த மாரி முழுவதும் விறகைக் கொத்தி, நிலவறைக்குள் இறக்கி அடுக்கித் தந்தது பக்கத்துவீட்டு ஒட்வார் என்று பவளம் சொல்லியிருந்தாள். பொயிலர் போகப்போகிறது, அந்த மனிசனுக்கு நான் இன்னும் ஒரு நன்றி சொல்லவில்லையே என்று மனம் குறுகுறுத்தது. ஒரு போத்தல் கொன்யாக்கோடு போனேன்.

“எந்த விறகு?” என்றார் ஒட்வார்.

சொன்னேன். அவர் சிரித்தார். புதுவருடத்திலிருந்து ஈஸ்டர் மட்டும் ஸ்பெயினில் கடற்கரையில் கிடந்தாராம். அந்தக் கறுப்பு இன்னும் போகவில்லை என்று சட்டையை இழுத்துத் தோளைக் காட்டினார். போத்தலை மட்டும் திருப்பித் தரவில்லை.

பவளத்திடம் இதைச் சொல்லவில்லை. “ஒட்வார் என்ன சொன்னவர்?” என்று கேட்டாள். “சந்தோசம் எண்டவர்” என்றேன். அது உண்மைதான்.


ஒக்டோபர் 9, வியாழன்

விறகு எவ்வளவு மிச்சம் கிடக்கிறது என்று பார்க்கக் கீழே போனேன். நான் அடுக்கினால் சரியும். இது சுவர் கட்டினதுபோல நிற்கிறது, பட்டை எல்லாம் மேல்பக்கம் பார்த்தபடி. சுள்ளிகளைக் கட்டுக் கட்டாக நீல நைலோன் கயிற்றால் கட்டியிருக்கிறது. ஒரு கட்டின் கயிற்றை அவிழ்த்தேன். எத்தனை இழுத்தாலும் இறுகி நிற்கிற முடிச்சு, நுனியை ஒருமுறை தட்டினால் கையோடு வருகிறது. தோட்டக்காரர் போடுகிற முடிச்சு இல்லை அது. வள்ளம் கட்டுகிறவர்கள் போடுவது. ஊரில் துறைப்பக்கம் போனால் காணலாம்.

திரும்பக் கட்டிப்பார்த்தேன். வரவில்லை. சும்மா சுற்றிவைத்துவிட்டு மேலே வந்தேன்.


ஒக்டோபர் 13, திங்கள்

கொம்பனியிலிருந்து மாரெக் என்று ஒரு போலந்துக்காரர் வந்து அளந்தார். ஹீட் பம்ப் போடச் சொல்கிறார். வெளியில் ஒரு பெட்டி காற்றிலிருந்து சூட்டை எடுக்கும், நிலவறையில் இன்னொரு பெட்டி அதைத் தண்ணீருக்குக் கொடுக்கும், பழைய குழாய்கள் அப்படியே இருக்கலாம். விறகு வேண்டாம், சாம்பல் அள்ள வேண்டாம். சூடு ஒரு துளி வீணாகாது என்றார்.

பவளம் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் தொடங்கினாள்.

“புதுசா விறகுப் பொயிலரே போடலாமெல்லோ?”

“ஆர் விறகு தூக்கிறது? என்ர முழங்காலோ?”

வாயெடுத்தாள், மூடிக்கொண்டாள். பிறகு, “ஒட்வார் தூக்குவார்” என்றாள்.

“ஒட்வாருக்கும் வயசு போகுது” என்று சொல்லிவிட்டு, மாரெக் விட்டுப்போன தாளில் கையெழுத்தை வைத்தேன்.


ஒக்டோபர் 14, செவ்வாய்

கத்தரிக்காய்க் குழம்பில் உப்பில்லை. கேட்கவில்லை.


ஒக்டோபர் 24, வெள்ளி

கடைசி நெருப்பு. பவளம் சருவத்தை வைத்துவிட்டுக் கனநேரம் கீழேயே இருந்தாள். நான் கட்டை போடப் போனபோது பொயிலரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பலகையில் இருந்தாள். “எழும்பும், நாரி பிடிக்கும்” என்றேன். “இதில இருந்தாத்தான் நாரி நோகாது” என்றாள்.


ஒக்டோபர் 27, திங்கள்

மாரெக் இன்னொருவரோடு வந்து பொயிலரைத் துண்டு துண்டாக வெட்டி வெளியில் எடுத்தார். வீடு முழுவதும் கரிநெடி. பவளம் கடைக்குப் போய்விட்டாள், வெட்டுவதைப் பார்க்கமாட்டாளாம்.

பின்பக்கத் தகட்டை எடுத்தபோது சுவருக்கும் குழாய்க்கும் நடுவில் ஏதோ கிடந்தது. மாரெக் குனிந்து எடுத்துத் தூசி தட்டி என் கையில் தந்தார். கையுறை. சிவப்புக் கம்பளி, என் பெருவிரலுக்குத்தான் கொள்ளும். ஈரம் காயக் குழாயில் போட்டது பின்னால் விழுந்திருக்க வேண்டும். “பேரப்பிள்ளையுடையதா?” என்று கேட்டார்.

ஓம் என்றேன்.

அப்படி ஒரு சொல்லை ஒரு முன்பின் தெரியாதவரிடம் சொல்வேன் என்று நினைக்கவில்லை. காயப்போட இனிக் குழாயில் சூடும் இல்லை. நிலவறைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் கொளுவிவிட்டேன், கண்ணில் படுகிற உயரத்தில்.


ஒக்டோபர் 28, செவ்வாய்

சூடில்லாத வீடு. இரண்டு போர்வை, தொப்பி.


ஒக்டோபர் 30, வியாழன்

மெசின் ஓடுகிறது. வெள்ளைப் பெட்டி, பிரிட்ஜ் மாதிரி. மேலே எல்லா அறையும் ஒரே சூடு. விறகுக்கட்டை சுமக்காத என் தோள் வேலையில்லாமல் தொங்குகிறது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்து கிடந்தது. மாரெக் சொன்னது சரி, ஒரு துளி சூடு வெளியில் வராது.


நவம்பர் 1, சனி

மா பொங்கவில்லை. ஊற்றினபடி கிடந்தது.

பள்ளிக்கூடத்தால் வந்தபோது வீட்டில் சத்தமில்லை. கீழே போனேன். பவளம் ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு அந்தப் பலகையில் இருந்தாள், பொயிலர் நின்ற இடத்தில் சீமெந்து சதுரமாகக் கறுத்துக் கிடந்தது. விடியவே எல்லாருக்கும் ரெலிபோன் எடுத்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். ஆணியைக் காட்டினாள்.

“அந்தக் கையுறையை நீங்களோ கொளுவினது?”

“கீழ கிடந்துது.”

“ஆற்றையெண்டு தெரியுமோ?”

நான் மெசினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“மதுரிகா ஒவ்வொரு சனியும் வாறவள். நீங்கள் பள்ளிக்கூடம் போனாப்பிறகு. உங்களிட்டச் சொல்லாமல் வைச்சிருந்தது என்ர பிழைதான்.”

“மா இல்லாட்டி என்ன? சும்மா வரட்டன்.”

“சும்மா வரமாட்டாள். மா வாங்க வாறன், மற்றச் சனத்தைப்போல வாங்கிக்கொண்டு போறன் எண்டு சொல்லித்தான் முதல்நாளே வந்தவள். கூப்பிடாத வீட்டுக்கு விருந்தாளியா வரமாட்டாளாம். உங்கட மகளெல்லோ, வேற எப்பிடி இருப்பாள்? எனக்கு இருந்தது அந்த மா ஒண்டுதான். அதையும் கழட்டி லொறியில ஏத்தியாச்சு.”

இது நாள்வரைக்கும் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. தெரியும் என்றும் சொல்லவில்லை. “மேல வாரும், குளிருது” என்றேன். அவள் வரவில்லை.


நவம்பர் 2, ஞாயிறு

இன்றைக்கு இருவரும் மொத்தம் நாலு வார்த்தை கதைத்திருப்போம். அதில் இரண்டு தேத்தண்ணீர்.


நவம்பர் 6, வியாழன்

நாலு நாளாகப் பரிசோதனை. பவளம் அரைத்துத் தந்தாள், நம்பிக்கையில்லாமல்.

சின்னச் சட்டியில் ஊற்றிக் கரண்ட் அடுப்பின் போறணைக்குள் லைற்றைப் போட்டு வைத்தேன். பொங்கியது. ஆனால் அது எங்கள் இருவருக்குக் காணும், பெரிய சருவம் போறணைக்குள் நுழையாது. சருவத்தைக் கம்பளியால் சுற்றிச் சுடுதண்ணீர்ப் போத்தல்களை இடையில் செருகிவைத்தேன். ஓரம் பொங்கி நடு தூங்கியது. ரேடியேற்றரோடு ஒட்டி வைத்தேன். ஒரு பக்கம் காய்ந்து பொருக்கு விட்டது. பவளம் பொருக்கை அகப்பையால் எடுத்து எனக்குக் காட்டிவிட்டு எறிந்தாள்.


நவம்பர் 8, சனி

இந்தக் கிழமையும் மா இல்லை. கையுறை ஆணியில்தான் தொங்குகிறது. வெளியில் சறுக்கல் பனி. மற்றக் கைக்கு என்ன போடுகிறார்களோ.


நவம்பர் 11, செவ்வாய்

பவளம் கேட்டாள், “கரண்ட் ஹீட்டர் ஒண்டு வாங்கிக் கீழ வைச்சால் என்ன?”

நல்ல யோசனைதான். எனக்கே முதல் வந்திருக்க வேண்டும். கடைக்குப் போய் ஒன்று வாங்கினேன். காரின் பின்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, முற்றத்தில் காரை நிறுத்திவிட்டு உள்ளுக்கே இருந்தேன்.

இதைக் கீழே வைத்தால் நிலவறை சூடாகும். மா பொங்கும். சனிக்கிழமை ஒன்பதுக்கு நான் பள்ளிக்கூடம் போவேன். கீழ்க்கதவு திறக்கும். நான் வர முதல் கோப்பைகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும். எல்லாம் முந்தினமாதிரியே.

ஹீட்டரைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தேன்.

“வாங்கினனீங்களோ?”

“கீழ வயர் எல்லாம் பழசு. ஹீட்டரைத் தாங்காதாம்.”

மாரெக் போன மாதம்தான் கீழே புது வயர் இழுத்தவர். பவளத்துக்கு அது தெரியாது.


நவம்பர் 14, வெள்ளி

குளித்துவிட்டு வெறுங்காலோடு நின்றபோது புத்தி வந்தது. எங்கள் குளியலறைத் தரைக்கு அடியில் கரண்டுக் கம்பி ஓடுகிறது, மாரி முழுவதும் ஓடு இளஞ்சூடாக இருக்கும். கதவை மூடினால் உள்ளே வெக்கை. குளியலறை இருப்பது மேலே, முன்கதவால் வந்தவுடன் விறாந்தையில் வலப்பக்கம்.

பவளத்திடம் சொன்னேன். பிரளயம்.

“என்னப்பா, உங்களுக்கு விசரோ? கக்கூசு இருக்கிற அறைக்குள்ள சாப்பாட்டுச் சாமானோ? சனம் என்ன கதைக்கும்?”

“கழுவித் துடைச்சால் எல்லா இடமும் ஒண்டுதான். துப்புரவு துடக்கு எண்டு பாத்துக்கொண்டிருந்தால் மா பொங்காது.”

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“இதை நீங்களோ சொல்லுறியள்?”

நான் வாளியை எடுத்துக்கொண்டு போய், முழங்காலை ஒரு தலையணையில் ஊன்றிக் குளியலறைத் தரையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். இரண்டுதரம். பவளம் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய்க் கிரைண்டரைப் போட்டாள்.

வெறுஞ் சருவத்தை ஓட்டின் மேல் வைத்து, அரைக்க அரைக்க வாளியால் கொண்டுவந்து ஊற்றினோம். நிறைந்தபிறகு பவளம் கேட்டாள்.

“நாளைக்குச் சனம் வர முதல் இதைக் குசினிக்குக் கொண்டுபோக வேணுமே. குளியலறையைக் கண்டினமெண்டால் ஒருத்தரும் வாங்கமாட்டினம். ஆர் தூக்கிறது? உங்களுக்கு முழங்கால், எனக்கு நாரி.”

“ஆரையும் வெள்ளண வரச்சொல்லும்.”

“ஆரை?”

“போன மாரிக்கு விறகு தூக்கினவரை.”

அவள் ஒட்வார் என்று சொல்லவில்லை. விறாந்தைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

“எவ்வளவு காலமாத் தெரியும்?”

“அந்தக் கதையை விடும். முன்கதவால வரச் சொல்லும். கீழ வழுக்கும்.”


நவம்பர் 15, சனி

பள்ளிக்கூடத்துக்கு இன்றைக்கு வரமுடியாது, முழங்கால் என்று சொல்லிவிட்டேன். வெள்ளைச் சேட் போட்டேன். பவளம் சிரித்தாள். கழற்றிவிட்டு வீட்டு சுவெற்றரைப் போட்டேன்.

குளியலறைக் கதவைத் திறந்தால் புளிப்பு வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. மா மூடியைத் தள்ளிக்கொண்டு ஓட்டில் வழிந்திருந்தது. மூன்று கிழமைக்குப் பிறகு.

மணி அடித்தது. பவளம் குசினியில் அசையாமல் நின்றாள், அது எனக்குரிய மணி என்கிறமாதிரி. நான்தான் திறந்தேன்.

மதுரிகா நின்றாள். கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். கன்னத்தில் தாயின் சாயல் வந்துவிட்டது. இடுப்பில் ஒரு குழந்தை, ஒரு கையில் சிவப்புக் கையுறை, மற்றக் கையில் நீலம். மூன்று வருடமாக என்னென்ன சொல்லவேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன், கோபமாகவும் சில, வேறுமாதிரியும் சில.

“மா வாங்க வந்தனான்” என்றாள்.

“கெதியா உள்ளுக்கு வா. சூடெல்லாம் வெளியில போகுது.”

வந்தாள். பின்னால் படிக்குக் கீழே அவளின் புருசன் நின்றார், கஜீபன். கை இரண்டையும் ஜக்கற்றுப் பைக்குள் விட்டுக்கொண்டு, ஏறவோ நிற்கவோ என்று தெரியாமல். “நீங்களும் வாங்கோ தம்பி. பாரமான சாமான் ஒண்டு கிடக்கு” என்றேன்.

குளியலறைக்குள் சருவத்தைக் கண்டு அவர் ஒரு கணம் திகைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பழக்கம். பைக்குள்ளிருந்து நீலக் கயிறு எடுத்தார், மூடி நழுவாமல் இரண்டு காதுக்கும் குறுக்கே போட்டு ஒரு சுற்று, ஒரு தட்டு. மா துளும்பாமல் அப்படியே குசினிக்குப் போனது. அங்கே நுனியைத் தட்டினார், அவிழ்ந்தது.

“உந்த முடிச்சு ஆர் பழக்கினது?” என்று கேட்டேன்.

“என்ர அப்பாதான், மாமா.” கொஞ்சம் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்துத்தான் மிச்சத்தைச் சொன்னார். “அவர் ஊரில வள்ளம் வைச்சிருந்தவர்.”

மதுரிகா அடுப்படியில் திரும்பி நின்றாள். பவளமும்.

“நானும் மீனோட நிண்ட ஆள்தான்” என்றேன். “இஞ்ச வந்து இருபத்திரண்டு வருசம் பக்டரியில மீன் வெட்டினனான். கை மணம் கலியாண வீட்டுக்குப் போனாலும் போகாது.”

பவளம் தோசைக்கல்லை வைத்தாள். மற்றச் சனம் வர முதல் நாங்கள் ஐந்து பேரும் சாப்பிட்டோம். பிள்ளை என் தட்டிலிருந்தே பிய்த்துச் சாப்பிட்டது, கேட்காமல். பெயர் ஆழினியாம். கீழே போய் ஆணியிலிருந்ததை எடுத்துவந்து, நீலத்தைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுவிட்டேன். இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். நான் தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டேன்.

போகும்போது மதுரிகா கேட்டாள், “அடுத்த சனிக்கு நீங்கள் பள்ளிக்கூடம் போயிடுவியளோ, அப்பா?”

“ஒரு மணிக்கு வந்திடுவன்” என்றேன். “நான் வாறவரைக்கும் நில்லுங்கோ.”


நவம்பர் 18, செவ்வாய்

ஹீட்டரைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். பெட்டி பிரிக்காமல் இருந்ததால் எடுத்துக்கொண்டார்கள். என்ன பழுது என்று கடையில் நின்ற பெட்டை கேட்டாள். பழுதொன்றுமில்லை, வீடு சூடாகத்தான் இருக்கிறது என்றேன்.